மாமா ஃப்ரீ ஏஜென்ட் ஆன வருடம்

ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து பேஸ்பால் ஒரேயடியாக நின்றுபோன வருடத்தில்தான் எங்கள் வீட்டில் அது மும்முரமாக நடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. நியூஜெர்ஸியில் மான்மவுத் ஜங்ஷனில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா தோசைக்கல்லை அடுப்பில் போட்டதும் அப்பா மேசைக்கு ஒரு பக்கமும் மாமா மறுபக்கமும் உட்கார்ந்துகொண்டு ஆட்டக்காரர்களின் காண்ட்ராக்டுகளைப் பற்றி வாதாடத் தொடங்குவார்கள். மாவு தீரும்வரை அது ஓயாது. சில வாரங்களில் மாவு தீர்ந்த பிறகும் ஓயாது. அம்மா முணுமுணுத்துக்கொண்டே உப்புமா கிண்டுவாள்.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த ஒரே தம்பி. மதுரையிலிருந்து அவரை விசா எடுத்து வரவழைத்ததே அப்பாதான். அப்பா சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பேஸ்மென்டில் ஒரு மேசை, ஒரு ஃபேக்ஸ் மெஷின், ஊரிலிருந்து வந்த ஐந்து என்ஜினியர்கள், அவ்வளவுதான். அந்த ஐந்து பேரையும் அப்பா பெரிய கம்பெனிகளுக்கு வேலைக்கு அனுப்புவார். வேலை அங்கே, சம்பளம் அப்பாவிடம். மாமா பிரின்ஸ்டன் பக்கத்தில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மூன்று வருடமாக உட்கார்ந்திருந்தார். குடியிருந்தது எங்கள் வீட்டு மாடியறையில்.

இருவரும் வாழ்நாளில் பேஸ்பால் மட்டையைக் கையால் தொட்டதில்லை. பந்து தரையில் படுவதற்குள் பிடித்தால் அவுட் என்பது வரைக்கும் கிரிக்கெட் அவர்களுக்குக் கைகொடுத்தது. அதற்கு மேல் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். ஆனால் காண்ட்ராக்ட் என்று வந்துவிட்டால் இரண்டு பேரும் வக்கீல்கள். ஓர் ஆட்டக்காரன் முதல் ஆறு வருடம் டீமின் சொத்து, நடுவில் சம்பளத்துக்குப் பஞ்சாயத்து வைக்கலாம், ஆறு முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது இஷ்டப்பட்ட டீமுக்குப் போகலாம் என்பதெல்லாம் எனக்கு அந்த மேசையில்தான் தெரியவந்தது. எவன் எத்தனை வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டான், எந்த ஓனர் யாரைப் போக விட்டுவிட்டுப் பிறகு தலையில் அடித்துக்கொண்டான் என்று பேப்பரைப் பார்க்காமலே கொட்டுவார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். என் வகுப்பில் எல்லோருடைய அப்பாக்களும் பேஸ்பால் பார்ப்பவர்கள். ஆட்டமே இல்லாத பேஸ்பாலை இப்படி ஆடத் தெரிந்தவர்கள் என் வீட்டில் மட்டும்தான் இருந்தார்கள். நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு யார் பேச்சில் யார் வாயடைத்துப்போனார்கள் என்று ஸ்கோர் எழுதுவேன்.

அப்பா எப்போதும் ஓனர்கள் கட்சி. மாமா எப்போதும் ஆட்டக்காரர்கள் கட்சி. ஒரு வாரமாவது மாற்றிப் பேசினால் என்ன என்று எனக்குத் தோன்றியதுண்டு. அவர்களுக்குத் தோன்றவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் இன்னொரு விஷயமும் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் மாமாவின் வேலையைப் பார்த்து அசந்துபோய், நீ நேரடியாக எங்களிடமே வந்துவிடு என்று கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் மாமா வந்தபோது அப்பாவிடம் போட்ட காண்ட்ராக்டில், அப்பா அனுப்பிய இடத்திலேயே வேலைக்குச் சேரக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. எல்லா என்ஜினியர்களுக்கும் அதே வரிதான். மச்சினன் ஆயிற்றே என்று அப்பா அதை அடிக்கவில்லை. அடிக்க வேண்டியிருக்கும் என்று இரண்டு பேருமே அன்றைக்கு நினைத்திருக்க மாட்டார்கள். இப்போது அப்பா கைப்பட ஒரு கடிதம் கொடுத்தால்தான் மாமா போக முடியும். மாமா போனால் மற்ற நான்கு பேரும் அதே கடிதத்துக்கு வரிசையில் நிற்பார்கள், பேஸ்மென்டில் ஃபேக்ஸ் மெஷின்தான் மிஞ்சும். மாமா ஒரே ஒரு தடவை கேட்டார். பார்ப்போம் என்று அப்பா சொன்னார். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு வீட்டில் தெரியாதது என்ன இருக்கிறது? இதற்கும் ஞாயிற்றுக்கிழமை பேஸ்பாலுக்கும் சம்பந்தம் உண்டு என்பதுதான் தெரியாது.

ஒரு ஞாயிறு அப்பா தோசையைப் பிட்டு வைத்துவிட்டுப் பேசினார். "ஒண்ணும் தெரியாத பையனைக் கண்டுபுடிச்சு, சோறு போட்டு, பழக்கி, ஆளாக்குறது யாரு? ஓனர். ஆளானதும் டாட்டா காட்டிட்டுப் போயிருவானா?"

"ஆளாக்கினா ஆயுசுக்கும் கட்டிப் போட்டு வச்சுக்கணுமா அத்தான்?" என்றார் மாமா.

பிரமாதமான அடி. நான் மாமாவுக்கு ஒரு ஹிட் போட்டேன். அடுப்படியில் தோசை கருகும் வாசனை வந்தது. அம்மா கல்லைப் பார்க்காமல் எங்கள் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். பேஸ்பாலில் அம்மாவுக்குக்கூட ஆர்வம் வந்துவிட்டதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவின் கார் மெக்கானிக்கிடம் இருந்தது. மாமாவின் காரை எடுத்துக்கொண்டு என்னைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போனார். சாவியைத் திருப்பியதும் ரேடியோ தானாகப் பாட ஆரம்பித்தது. பாட என்று சொல்லக்கூடாது, கத்த ஆரம்பித்தது. நாள் முழுக்க ஸ்போர்ட்ஸ் பேசும் ஸ்டேஷன். வேலைநிறுத்தத்தைப் பற்றி நேயர்கள் ஃபோன் செய்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா அணைக்கச் சொன்னார். நான் கையை நீட்டினேன். அப்போது நிகழ்ச்சி நடத்துகிறவர், அடுத்த நேயர் மான்மவுத் ஜங்ஷனிலிருந்து என்றார். தொடர்ந்து வந்தது மாமாவின் குரல்.

காலையில் என் தலையைத் தட்டி, பால் குடித்தாயா என்று கேட்ட அதே குரல், இப்போது நியூயார்க், நியூஜெர்ஸி முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ரூட் ஒன் நெடுஞ்சாலையில் முன்னாலும் பின்னாலும் போகிற கார்களைப் பார்த்தேன். அவற்றுக்குள் இருப்பவர்களெல்லாம் என் மாமாவைத்தான் கேட்கிறார்கள் என்று நம்பினேன். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்துவிட்டேன். அந்த மலைப்பு திரும்ப வரவில்லை.

அப்பா வண்டியை ஒரு பெட்ரோல் பங்குக்குள் ஒடித்து நிறுத்தினார். பணியாள் ஓடிவந்து எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டார். அப்பா கண்ணாடியைப் பாதி இறக்கி, ரொப்புங்கள் என்று கையைக் காட்டினார். டேங்க் ஏற்கெனவே நிறைந்திருந்தது.

ரேடியோக்காரர் மாமாவைச் சும்மா விடவில்லை. எல்லாம் சரி ஐயா, வளர்த்துவிட்ட ஓனரிடம் விசுவாசம் என்று ஒன்று வேண்டாமா என்று கேட்டார். மாமா தன் மதுரை இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார். ஓனர் கெட்டவராக இருந்தால் பிரச்சினையே இல்லை, சொல்லாமல்கூடப் போய்விடலாம். நல்லவராக இருந்தால்தான் கஷ்டம். பனி கொட்டும்போது ஏர்போர்ட்டுக்கு வந்து, தன் கோட்டைக் கழற்றிப் போட்டுக் கூட்டிப்போனவராக இருந்தால், போகட்டுமா என்று அவரிடம் இரண்டாவது தடவை கேட்க வாய் வராது. அவராகவே போகச் சொன்னால் உண்டு.

ரேடியோக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த டீமில் ஓனர் ஏர்போர்ட்டுக்குப் போகிறார் என்று சிரித்துவிட்டு அடுத்த நேயரைக் கூப்பிட்டார். எனக்கும் விளங்கவில்லை. இருந்தாலும் மாமாதான் ஜெயித்தார் என்று தோன்றியது. ஆங்கிலத்தில் அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பணியாள் கண்ணாடியைத் தட்டி, டேங்க் வழிகிறது என்றார்.

"நம்ம கேட்டோம்னு மாமாகிட்ட சொல்லாத, என்ன?" என்றார் அப்பா. மாமா கூச்சப்படுவார் என்பதற்காகத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவும் சொல்லவில்லை, நானும் இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் தோசையும் வாதமும் வழக்கம்போல ஆரம்பித்தன. மாற்று ஆட்டக்காரர்களை வைத்து ஆட்டத்தை நடத்தப்போவதாக ஓனர்கள் மிரட்டிக்கொண்டிருந்த சமயம். மாற்று ஆட்கள் ஆடுவதை எவன் பார்ப்பான் என்று மாமா கேட்டார். நான் பென்சிலோடு காத்திருந்தேன். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு அப்பா பேஸ்மென்டுக்கு இறங்கிப்போய், கம்பெனி பெயர் அச்சடித்த ஒரு தாளோடு வந்தார். அதை மாமாவின் தட்டுக்குப் பக்கத்தில், சட்னி படாமல் பார்த்து வைத்தார். கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது.

"அவன் சொன்னது வாஸ்தவம்தான். எவன் பார்ப்பான்?" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

மாமா தாளைப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு எச்சில் கையோடு எழுந்து அப்பா பக்கம் வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். வெறும் வாதத்தால் ஒரு மனிதர் விடுதலை வாங்கியதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே வேகத்தில், மாமாவுக்குப் பதிலாக நம் டீமுக்கு யார் வரப்போகிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அப்பா சிரித்துவிட்டார். "நம்ம லீக்ல அதெல்லாம் கிடையாதும்மா."

மாமா வேலை மாறினார். மாடியறையைக் காலி செய்துகொண்டு, வெஸ்ட் வின்ட்சரில் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அபார்ட்மென்ட் எடுத்தார். பெட்டியைத் தூக்கி காரில் வைத்தது அப்பாதான். வசந்தத்தில் வேலைநிறுத்தமும் ஒருவழியாக முடிந்து ஆட்டங்கள் தொடங்கின. முதல் ஆட்டம் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

காலிங்பெல் அடித்தது. திறந்தால் மாமா, கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸும் ஆப்பிள் பையுமாக நின்றார். அப்பா எழுந்து வாசலுக்கே போனார். "வாங்க, வாங்க" என்றார். அதுவரை வாடா மாப்ள என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லி நான் கேட்டதில்லை. கோட்டை வாங்கி மாட்டினார். சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிடாமல் முன்னறை சோஃபாவில் உட்காரவைத்தார். புது வேலை எப்படி இருக்கிறது, போக்குவரத்து சௌகரியமா என்று விசாரித்தார். மாமா ஒவ்வொன்றுக்கும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பதில் சொன்னார்.

அடுப்படியிலிருந்து அம்மா வழக்கம்போல, வந்து தட்டை எடுத்து வைடா என்று குரல் கொடுத்தாள். மாமா சட்டென்று எழுந்தார். "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று அப்பா அவர் தோளைத் தொட்டு உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். தட்டு எடுத்து வைக்க அப்பா போய் நான் பார்த்ததே இல்லை.

ஃப்ரீ ஏஜென்ட் ஆனால் இவ்வளவு மரியாதையா என்று நான் அசந்துபோனேன். மாமாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, அப்பா உங்களைப் பெரிய ஸ்டார் மாதிரி நடத்துகிறார் என்று அவர் காதில் சொன்னேன்.

"ஆமாம்மா, ரொம்ப மரியாதை" என்றார் மாமா. அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று டிவி பக்கம் திரும்பி ஸ்கோர் என்ன என்று கேட்டார். ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, கார் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைக்கூட கண் சிமிட்டாமல் பார்க்கிறாரே, மாமாவுக்கு பேஸ்பால் என்றால் எவ்வளவு உயிர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.