முன்னூற்றுப் பதினாறு பாட்டும் ஒரு ட்ரெபிள் குமிழும்

செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் மூன்றாவது தெருவில் குடியிருக்கும் முருகவேலிடம் 316 பாட்டுகள் இருந்தன. எல்லாம் விலைக்கு வாங்கியவை. 2009 ஜூலையிலிருந்து 2012 மார்ச் வரை, சென்னையில் வேலை பார்த்த மகள் அருணாதேவி ஓர் இணையக் கடையில் ஒவ்வொன்றாக வாங்கிக் கொடுத்தாள். மொத்த நேரம் 23 மணி 42 நிமிடம். ஊரே பென் டிரைவில் பாட்டை வழித்துப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இப்படி வாங்கியவர், அந்தத் தெருவைப் பொறுத்தவரை, அவர் ஒருவர்தான்.

வாங்கியதில் ஒரு நிபந்தனை இருந்தது. பாட்டுகளுக்குப் பூட்டு உண்டு. எந்தக் கணினியில் இறக்கினாரோ அதில் மட்டும்தான் பாடும். வேறு கணினிக்கு நகல் எடுத்தால் கோப்பு போகும், பாட்டு வராது. புதுக் கணினிக்கு அனுமதி கொடுக்க வேண்டியது அந்தக் கடை. கடை 2014-இல் மூடிவிட்டது. ஆகவே 316 பாட்டின் ஆயுளும், கூடத்து மூலையில் இருந்த பழைய கணினியின் ஆயுளும் ஒன்றாகிப்போயின. 2024 மே மாதம் அந்தக் கணினிக்குள் பல்லி கத்துவது போல ஒரு சத்தம் கிளம்பியது. அதைக் கேட்டுச் சொன்னவர் மனைவி சரோஜா. முருகவேல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அவர் தொழில் மைக் செட். செங்கம் பக்கத்து விவசாயக் குடும்பம். பதினேழு வயதில் ஏர் பிடிக்கப் பிடிக்காமல் டவுனுக்கு வந்து ஒயர் பிடித்தார். 1978 முதல் 2021 வரை நாற்பத்து மூன்று வருடம். கல்யாணம், காதுகுத்து, சாவு, பொதுக்கூட்டம், ஆடி மாதக் கூழ் ஊற்றல் எதையும் விட்டதில்லை. பந்தலில் எட்டு ஸ்பீக்கர் கட்டியிருந்தால், தெருமுனையில் நின்றபடியே ஆறாவது பேசவில்லை என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுக்காகவே அவரைக் கூப்பிட்டார்கள். குழாய் ஸ்பீக்கரில் போட்டதெல்லாம் பிறருக்கு. 316 பாட்டு அவருக்கு. அவற்றை ஒருநாளும் பந்தலில் போட்டதில்லை.

பேருந்து நிலையத்துக்கு அருகே கணினி பழுதுபார்க்கும் கோபியிடம் போனார். புதுசு வாங்கிவிடலாம் என்று கோபி தொடங்கினான். பாட்டு விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

"பூட்ட உடைக்கிற வேலை நமக்கு வாணாம்ணா. அது பாடட்டும். பாடும்போதே பக்கத்துல இன்னொண்ணுல புடிச்சுக்குவோம்."

"எம்பி3-யா புடிக்கலாமா?"

"ஏற்கெனவே சுருக்கித்தான் வித்திருக்கான். நீங்க மறுபடி சுருக்குனா செராக்ஸ செராக்ஸ் எடுத்த கதைதான். ஃப்ளாக்னு ஒரு வகை இருக்குது, அதுல வையிங்க. எடம் ஜாஸ்தி புடிக்கும், பாட்டு கம்மியாவாது."

ஒரு சின்ன ரெக்கார்டரும் ஒரு கம்பியும் கொடுத்து, கணினியிலிருந்து நேராக ரெக்கார்டருக்கு இணைக்கச் சொன்னான். நடுவில் எதையும் வைக்கக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னான். முருகவேல் இரண்டு தடவையும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து நடுவில், மைக் செட்டின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தன் மிக்சரை வைத்தார். நாற்பத்து மூன்று வருடத்தில் அவருடைய மிக்சர் வழியாக வராத ஒலி எதையும் அவர் ஒலி என்று ஒப்புக்கொண்டதில்லை. ஜூன் 3, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு வேலை தொடங்கியது. முதல் பாட்டைப் பிடித்துக் கேட்டார். மந்தமாக இருந்தது. ஜால்ராவின் ஓசை பஞ்சில் விழுந்தது போல வந்தது. கை தன்பாட்டுக்கு, கீச்சு ஒலியை ஏற்றும் ட்ரெபிள் குமிழுக்குப் போய்க் கொஞ்சம் திருப்பியது. இரண்டாவது பாட்டுக்கு இன்னும் கொஞ்சம். மூன்றாவதில் ஜால்ரா சரியாக நின்றது. குமிழை அப்படியே விட்டார். தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை. வெள்ளிக்கிழமை முடிய 94 பாட்டுகள். ஒரு நோட்டில் எண், நேரம், எதிரே 'சரி'.

சனிக்கிழமை அவர் அவற்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த சரோஜா கத்தியை வைத்துவிட்டு வந்தார்.

"ஏங்க, இன்னா இது, ஆடி மாசம் குழாய்ல கேக்குற மாதிரியே இருக்குது. பல்லு கூசுது."

"உனுக்கு பாட்டப் பத்தி இன்னா தெரியும்?"

"பாட்டு தெரியாது. பல்லு எனுக்கும் இருக்குது."

அவருக்கு வந்த கோபத்தில் கோபியைக் கூப்பிட்டனுப்பினார். கோபி வந்து கேட்டான், மிக்சரைப் பார்த்தான், குமிழைப் பார்த்தான். கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்து, ஒரு விசில் சத்தம் வரும், மேலே மேலே ஏறும், கேட்கும் வரைக்கும் எல்லோரும் கையைத் தூக்கி வைத்திருங்கள் என்றான்.

மூன்று கைகள் எழுந்தன. விசில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் முருகவேல் கையை இறக்கி, முடிந்துவிட்டதல்லவா என்று மற்றவர்களைப் பார்த்தார். சரோஜாவின் கையும் கோபியின் கையும் மேலேயே இருந்தன. சரோஜாவின் கையில் பீன்ஸ் நார் ஒட்டியிருந்தது. அந்தக் கை வெகுநேரம் கழித்துத்தான் இறங்கியது.

"பாட்டுல கொற ஒண்ணுமில்லண்ணா," என்றான் கோபி. "எல்லாம் அதுல இருக்குது."

நாற்பத்து மூன்று வருடம் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் நின்றவர் காது வேறு எப்படி இருக்கும் என்று அவனே சமாதானமும் சொன்னான். முருகவேல் மிக்சரைக் கழற்றிப் பரண்மேல் வைத்தார். திங்கட்கிழமை காலை நோட்டில் 'சரி' என்று எழுதியிருந்த 94-ஐயும் அடித்துவிட்டு, மனைவியைக் கூப்பிட்டார்.

"நீ கேட்டுச் சொல்லு. மாத்தம் இருந்தா சொல்லு. இல்லன்னா நீயே எழுது."

சரோஜாவுக்குப் பாட்டில் பிரியம் கிடையாது. இருந்தும் காய் நறுக்கும் நேரத்தைப் பத்து மணிக்கு மாற்றிக்கொண்டார். நேர்க் கம்பி. முதலில் மீதி இருந்த 222. மூலத்தைக் கொஞ்சம், நகலைக் கொஞ்சம் கேட்பார். ஒன்றுபோல இருந்தால் 'சரி' என்று எழுதுவார். எண் 171-இல் நடுவே ஒரு இடறல் இருக்கிறது என்று சொல்லி மறுபடி பிடிக்க வைத்தார். ஜூன் 19-ஆம் தேதி 222-உம் முடிந்தன. மறுநாள் பழைய 94-ஐத் திரும்பப் பிடிக்கத் தொடங்கினார்கள். கணினிக்குள் பல்லி இப்போது நிமிடத்துக்கு ஒரு தடவை கத்தியது. சரோஜா எண்ணிச் சொன்னார்.

21-உம் 22-உம் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலை நெடுக ஒலிபெருக்கி. காணாமல் போனவர்களின் பெயரும் சட்டை நிறமும் தெரு முழுக்கக் கேட்டன. முருகவேல் வேலையை நிறுத்திவிட்டார்.

"கம்பிக்குள்ள போவுற பாட்டுக்கு ரோட்டுல இன்னா வந்துச்சு?" என்று சரோஜா கேட்டார். "கம்ப்யூட்டரு சாவப் போவுது. புடிச்சு முடிங்க."

"இன்னொருத்தன் செட்டு ஓடுறப்ப நம்ம செட்டப் போடக்கூடாது," என்றார் முருகவேல். அது தொழில் வழக்கம். ஒரே தெருவில் இரண்டு பந்தல் இருந்தால் முதலில் கட்டியவன் நிறுத்தும்வரை அடுத்தவன் காத்திருக்க வேண்டும். அவர் ஒருநாளும் மீறியதில்லை. இரண்டு நாளும் கணினிக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தார்.

23-ஆம் தேதி தொடர்ந்தார்கள். 25-ஆம் தேதி காலை 11 மணி 20 நிமிடத்துக்கு, 89 முடிந்து 90-வது பாட்டின் பல்லவியில் கணினி நின்றது. கோபி வந்து பார்த்து, மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனான்.

316-இல் 311 அப்படியே வந்துவிட்டன. மீதி ஐந்துக்கு, ட்ரெபிள் ஏற்றிய அந்தப் பழைய பதிவுதான் உண்டு. அதை முருகவேல் போட்டுக் கேட்டார். ஐந்தையும் முழுதாக, 22 நிமிடம். ஜால்ரா ஜால்ராவாக வந்தது.

"ஊர்ல இருக்கிறவன் யாருக்கும் இது ஆவாது," என்றார். "எனுக்கு இந்த அஞ்சுதான் பாட்டா கேக்குது."

சரோஜா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு நோட்டை இழுத்து, 90 முதல் 94 வரை ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சரி' என்று எழுதினார். எழுதிவிட்டு உள்ளே போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். முருகவேல் எண் 90-ஐத் திரும்பவும் போட்டார்.