புனித மலாக்கா ஆறு

அண்ணே, நீ பேச்சைத் திருடியவன் என்றுதான் மலாக்காவில் நம் காஜா பெராங் பக்கம் இன்னும் சொல்கிறார்கள். உன்னைப் பாடையில் தூக்கிக்கொண்டு போகும்போதும் பின்னால் ஒருவர் சொன்னார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நடந்ததைச் சொல்ல அது போதும், எல்லாரும் கேட்கட்டும்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்கா வருஷம் தமிழ்ப் பள்ளியில் சுதந்திரப் பேச்சுப் போட்டி வைத்தார்கள். ஜெயிக்கிறவனை வாத்தியார் பயிற்சிக்குச் சிபாரிசு செய்வதாகத் தலைமையாசிரியர் சொன்னார். அண்ணனுக்கு வாத்தியாராக வேண்டும். வேறு ஆசை அவனுக்கு இருந்ததாக எனக்குத் தெரியாது.

முடிவெட்டும் கடையில் பழைய தீபாவளி மலர் ஒன்று கிடந்தது. இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்தபோது வந்தது. அதிலிருந்த பேச்சை அண்ணன் மனப்பாடம் செய்தான். சும்மா சொல்லக்கூடாது, உழைத்துத்தான் திருடினான். பாரதத் தாயை மலாயாத் தாய் ஆக்கினான். இமயமலையைத் தூக்கிவிட்டு லேடாங் மலையை வைத்தான். புனித கங்கைக்குத்தான் முழித்தான்.

"நம்ம ஊரு ஆத்தப் போட்டுடேன்," என்றேன்.

"அந்த நாத்தத்தையா?"

"வேற ஆறு வச்சிருக்கியா நீ?"

போட்டியன்று முதலில் தலைமையாசிரியர் பேசினார். அதே பேச்சு, ஒரு வரி மாறவில்லை. இமயத்தைக்கூட நகர்த்த அவருக்கு நேரமில்லை. கங்கையும் அங்கேயே ஓடியது. ஊரே கைதட்டியது. அடுத்து அண்ணன்.

"போவாதண்ணே," என்றேன்.

"வேற பேச்சு தெரியாதே பாப்பா," என்று மேடை ஏறினான்.

புனித மலாக்கா ஆறு வந்ததும் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தலைமையாசிரியர் எழுந்தார்.

"என் பேச்சையே திருடுறியாடா?"

"உங்ககிட்ட எடுக்கல சார். முடிவெட்டுற கடையில இருக்கிற மலர்ல எடுத்தேன். நீங்க எடுத்த அதே பக்கந்தான்."

உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தான் போல. திருடியதற்காவது மன்னிப்பு உண்டாம், தலைமையாசிரியரை எதிர்த்துப் பேசியதற்குக் கிடையாதாம். அவருக்கு மாலை போட்டார்கள். அண்ணனுக்குப் பிரம்படி, மறுநாள் பள்ளியிலிருந்து நீக்கம். கையில் கொடுத்த சான்றிதழில் நடத்தை மோசம் என்று இருந்தது. அதைப் பார்த்த எந்த ஆபீசிலும் பியூன் வேலைகூடத் தரவில்லை. அரிசி மூட்டை யாருடைய நடத்தையையும் கேட்பதில்லை, துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனான். ரெண்டு வாரத்துக்கு முன் பெய்த மழையில் படகுப் பலகை வழுக்கி, மூட்டையோடு தண்ணீரில் விழுந்தான்.

அவன் திருடியது உண்மைதான். அவனிடம் படிக்கவேண்டிய பிள்ளைகளுக்கு அவன் கிடைக்காமல் போனதும் உண்மைதான்.

நாளைக்குக் கருமாதி. எல்லாரும் வாருங்கள், தலைமையாசிரியரும் வரலாம். வரமுடியாதவர்கள் சாயங்காலம் விளக்கு வைக்கும்போது, என் அண்ணன் நல்லபடியாகப் போய்ச் சேரவேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.