காளையை எடுத்த நாள்

நந்தனத்தில் நான் பேராசிரியராக இருந்த கல்லூரியின் கால்பந்து அணிக்குக் காளைதான் சின்னம். தொண்ணூறுகளின் நடுவில், அது பழசாகத் தெரிகிறதென்று எடுத்துவிட்டு வளைந்து வளைந்து சுற்றும் நீலச் சுழி ஒன்றை வைக்கச் சொன்னவன் நான். புதுச் சட்டையோடு அணி இறங்கிய முதல் ஆட்டத்திலேயே மாணவர்கள் என்னை நோக்கிப் பாய்ந்தார்கள். மைதானக் காவலாளி என்னை உடைமாற்றும் அறைக்குள் இழுத்துத் தாழிட்டு, கதவில் முதுகைக் கொடுத்து நின்றார்.

ஒல்லியான மனிதர். எந்த வெயிலிலும் காக்கிச் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். காற்றில்லாத அந்த அறையில்தான் பொத்தான்களைக் கழற்றினார். உள்ளே, காளை போட்ட பழைய பனியன்.

“ஜிலேபி வாத்தியாரே, வெளிய வா!” என்று கதவை உதைத்தார்கள்.

“கரீட்டாதான் சொல்றானுங்க. நான் வெளிய இருந்தா நானும் கூவிக்கினு இருப்பேன்” என்றவர், பனியனைக் கழற்றி நீட்டினார். “இத்த மாட்டிக்கினு ஜன்னலால பூடு சார். தலைய குனிஞ்சிக்கோ.”

குதித்தேன். கூட்டத்தைக் கடக்கையில், என்னைத் திட்டிய கோஷத்தை நானும் போட்டேன். என்னைத் தப்பவிட்டதற்காக அவர் மண்டையை உடைத்தார்கள்.

மறுநாள் மருத்துவமனையில் நன்றி சொன்னேன்.

“உனக்காக இல்ல சார். வாத்தியார அடிச்சா பசங்கள காலேஜ வுட்டே தூக்கிடுவாங்க. என்னிய அடிச்சா யாரு கேப்பா?” என்று சிரித்தார்.

முதல்வரிடம் ஐந்து மாணவர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டுத்தான் அங்கே வந்திருந்தேன். ஓடிப்போய் மாற்றிச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. நான் அவருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.