எடுப்பதற்கு ஏதாவது

எங்கள் கொட்டகையில் அவளுக்கு வண்டி அக்கா என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வெளிச்சம் வந்ததும் காலிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவாள். கீரைத் தோட்டம், தக்காளிக்காரர், ரொட்டி சுடும் அண்ணன் தம்பிகள், வெண்ணெய் எடுக்கும் அம்மா, ஒருநாள் விட்டு ஒருநாள் கடைசியில் முட்டைக்காரர் என்று வாசல் வாசலாக நின்று சரக்கை எடுத்துக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவாள். நாங்கள் அதைப் பிரித்து, எந்த வீட்டுக்கு எது என்று பார்த்துப் பெட்டியில் அடுக்குவோம். மத்தியானம் டெலிவரி ஆட்கள் அதைக் கொண்டுபோய் வீட்டு வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டு, கடன்காரனைக் கண்டவன் மாதிரி ஓடிவிடுவார்கள்.

இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத விஷயம் அதுதான். ஊர் முழுக்கச் சாப்பாடு போகிறது, யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. வாங்குகிறவர்கள் பக்கம்தான் அப்படி என்று வெகு நாள் நினைத்திருந்தேன். கொடுக்கிற பக்கமும் அதே கதைதான். கீரைக்காரர் கட்டுகளை வேலியோரம் வைத்துவிட்டு வயலுக்குள் போய்விடுவார். ரொட்டிக்காரர்கள் அடுப்பை விட்டுத் திரும்பமாட்டார்கள், கையை மட்டும் ஆட்டுவார்கள். வெண்ணெய் அம்மா கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டே டப்பாக்களை நீட்டுவார். முட்டை எடுக்காத நாட்களில் அக்கா காலையெல்லாம் சுற்றிவிட்டு வந்து என்னிடம் பேசும்போது முதல் வார்த்தை கரகரவென்றுதான் வரும். அன்றைக்கு அவள் வாய் திறப்பதே அப்போதுதான் என்று எனக்கு உறைக்க நாளாயிற்று.

அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆன சூட்டோடு கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடத்தான் வண்டி ஓட்டவே கற்றுக்கொண்டாள். பிள்ளைகள் தலையெடுத்துத் தாங்களாகவே போகப் பழகியதும் அண்ணி ஒருநாள், "உங்களுக்கும் தனியா ஒரு இடம் இருந்தா வசதியா இருக்கும்ல?" என்று கேட்டிருக்கிறார். நல்லவிதமாகத்தான் கேட்டார். யாரும் யாரையும் துரத்தவில்லை. பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்ததுகூட அண்ணன்தான்.

அவள் அறைக்கு நான் ஒரு தடவை போயிருக்கிறேன், அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது. கட்டில், அடுப்பு, ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். அலமாரியில் ஒரே ஒரு தட்டு. "என்னக்கா, இன்னொண்ணு வாங்கி வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "வாங்கலாம்டி. சாப்பிடாத தட்டை யாரு தினம் கழுவுறது?" என்றாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். பஸ்ஸில் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் மாமியார், நாத்தனார், அவள் பிள்ளைகள், என் பிள்ளைகள் என்று எள் விழ இடம் கிடையாது. நிம்மதியாக அழ வேண்டும் என்றால்கூடக் குளியலறை வாசலில் காத்திருக்க வேண்டும்.

அந்தச் சுற்றில் அவளோடு நின்று பேசிய ஒரே ஆள் முட்டைக்காரர். அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோழி வளர்த்தது அவர் மனைவி. மனைவி காலமானதும், கோழிக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாமலே இவர் தொடர்ந்தார். வீட்டைச் சுற்றி இடுப்பு உயர மதில். அதன் மேல் முட்டைத் தட்டுகளை அடுக்கி, பக்கத்தில் இரண்டு டம்ளர் டீயை வைத்துக்கொண்டு நிற்பார். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அக்கா. உள்ளே வா என்று அவர் கூப்பிட்டதும் இல்லை, இவள் போனதும் இல்லை. டீ தீரும்வரை பேச்சு, எல்லாம் கோழிகளைப் பற்றித்தான். எல்லோரையும் அதட்டிக்கொண்டு திரியும் ஒரு கொழுத்த கோழிக்கு மேனேஜரம்மா என்று பெயர் வைத்திருந்தார். மேனேஜரம்மா யாருடைய இடத்தில் போய் முட்டையிட்டாள், யாரைக் கொத்தினாள் என்று அக்கா வந்து எனக்கு ஒலிபரப்புவாள். அந்த நாட்களில் அவள் முகமே வேறாக இருக்கும்.

முதலாளி வண்டி எங்கெங்கே நிற்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டே இருப்பார். "அந்த வீட்டுல மட்டும் என்ன இவ்வளவு நேரம்? கோழி முட்டை போடுற வரைக்கும் காத்திருந்து எடுக்கிறீங்களா?" என்று ஒருநாள் கேட்டார். "அந்த ரோடு மோசம் சார்" என்றாள் அக்கா. அந்த ரோட்டில் பள்ளம் மேடு எதுவும் கிடையாது. நான் குனிந்து கீரைக்கட்டுகளை எண்ண ஆரம்பித்தேன்.

ஒரு தடவை தக்காளி எடை குறைகிறது என்று தகராறு வந்து, சரிபார்க்க என்னையும் அவளோடு அனுப்பினார்கள். அப்போதுதான் முட்டைக்காரரை நேரில் பார்த்தேன். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, தலையைப் படிய வாரியிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடி மூன்றாவது டம்ளர் கொண்டுவந்தார்.

"வாம்மா, நேத்து நடந்த கூத்தைக் கேளு. மேனேஜரம்மா தண்ணித் தொட்டியில விழுந்துட்டா. தூக்கி விட்ட என்னையே முறைக்கிறா, நான்தான் தள்ளிவிட்ட மாதிரி!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கி வண்டியில் வைத்தேன். முட்டை ஜில்லென்றிருந்தது. காலையில் கூட்டிலிருந்து எடுத்த முட்டை எப்படி ஜில்லென்றிருக்கும்? ஒன்றின் மேலும் அழுக்கோ இறகோ இல்லை, எல்லாம் ஒரே அளவு. அப்புறம்தான் காதில் பட்டது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

திரும்பும்போது, "கோழிச் சத்தமே கேக்கலையேக்கா?" என்றேன்.

"தூங்குதுங்க போல."

"காலையிலயா?"

அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

குளிர்ப்பெட்டியில் வைத்து விற்கும் மொத்தக் கடை முட்டைகளின் மேல் ஊதா மையில் தேதி அடித்திருப்பார்கள். அடுத்த வாரம் பெட்டி அடுக்கும்போது ஒரு முட்டையில் அந்த ஊதா பாதி அழிந்தும் அழியாமலும் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் பெட்டி மேலே 'தோட்டத்திலிருந்து நேராக' என்று கொட்டை எழுத்தில் போட்டு அனுப்புகிறோம், இந்த ஆள் கடையில் வாங்கித் துடைத்து நம் தலையில் கட்டுகிறாரே என்று முட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு குதித்தேன். அக்கா என் கையிலிருந்து அதை வாங்கினாள். கட்டை விரலில் எச்சிலைத் தொட்டு, அந்த ஊதாவைத் தேய்த்து அழித்து, பெட்டியில் திருப்பி வைத்தாள்.

"அக்கா!"

"நீ பார்க்கல."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கோழியெல்லாம் செத்துப்போச்சுடி. எப்பன்னு தெரியல. அவரா சொல்லல, நானும் கேக்கல. கேட்டா முட்டை நின்னுடும். முட்டை நின்னா வண்டியும் அங்க நிக்காது." கொஞ்ச நேரம் ரொட்டிகளை அடுக்கினாள். "நான் பேசுறதே அந்த ஒரு இடத்துலதான். உங்கிட்ட பேசுறது வேற, நீ வேலையில இருப்ப."

செத்துப்போன கோழிகளுக்கு அந்த மனிதர் தடவைக்குத் தடவை புதுக்கதை கட்டுகிறார், இவள் தெரிந்துகொண்டே சிரித்துவிட்டு வந்து எனக்கும் சொல்கிறாள். ஏமாற்று வேலைதான், சந்தேகமில்லை. ஆனாலும் அன்றைக்கு நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நான் திறக்காவிட்டால் என்ன? வாங்குகிற அம்மா ஒருத்தர் ஊதாக் கறை படிந்த முட்டையைப் படம் எடுத்து முதலாளிக்கே அனுப்பிவிட்டார். குட்டு உடைந்தது. முதலாளி தாம் தூம் என்று குதித்துவிட்டு, "அந்த ஆளை இன்னையோட நிறுத்து, நான் போன் பண்றேன்" என்றார். "நீங்க பண்ணாதீங்க சார். நாளைக்கு நானே நேர்ல சொல்லிடறேன்" என்றாள் அக்கா.

மறுநாள் அவள் என்னிடம் சொன்னதுதான் அவள் பேசி நான் கேட்டதிலேயே நீளமான பேச்சு. முதலில் டீயைக் குடித்திருக்கிறாள். அவர் வழக்கம்போல மேனேஜரம்மாவை ஆரம்பித்திருக்கிறார். பாதியில் இவள் நிறுத்தி, ஆபீசில் தெரிந்துபோயிற்று, இனிமேல் முட்டை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். அவர் மதிலையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"எல்லாம் ஒரே வாரத்துல போச்சும்மா. ஏதோ நோய். நானேதான் குழி தோண்டினேன்."

"தெரியும் சார்."

"எப்போருந்து தெரியும்?"

"முட்டை ஜில்லுன்னு இருந்துச்சே, அன்னைலருந்து."

"அப்போ நான் இத்தனை நாளா சொன்ன கதையெல்லாம்?"

"நல்லாத்தான் சார் இருந்துச்சு."

அவர் முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் இவள் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டாள். முட்டை இல்லாவிட்டால் என்ன, இந்தப் பக்கமாகத்தானே வருகிறேன், சும்மா வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறேனே என்று.

"சும்மாவா?" என்றாராம் அவர். எதிர்வீட்டு ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார். "சும்மா எப்படிங்க வருவீங்க? பார்க்கிறவங்க என்னன்னு நினைப்பாங்க? வேணாங்க." அதுவரை வாம்மா போம்மா என்று பேசிய மனிதர். இரண்டு டம்ளர்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவள் டம்ளரில் இன்னும் டீ இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, நேரே போய் அந்த ஆளை நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. அக்காதான் தடுத்தாள். "அவர் பாவம்டி. வெக்கப்பட்டுட்டாரு. ஒரு டீக்கு இவ்வளவு பொய் சொல்லிட்டோமேன்னு இருக்கும். நான்தான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. முட்டை எடுக்க வந்தா நான் வண்டி. சும்மா வந்தா ஒரு பொம்பளை, அவரு தனியா இருக்கிற ஆம்பளை. இது எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும்." அதற்குப் பிறகும் ஒரு வாரம் அந்த ரோடு வழியாகவே வந்தாள். மதில் மேல் ஒன்றும் இல்லை, கதவும் திறக்கவில்லை. அப்புறம் பெரிய ரோட்டுக்கு மாறிவிட்டாள்.

முட்டைக்குப் பெரிய பண்ணை ஒன்றை முதலாளி பிடித்தார். அங்கே தள்ளுவண்டியில் கொண்டுவந்து ஏற்றிவிடுகிறார்கள், ஏற்றுகிறவன் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அக்கா சீக்கிரமே திரும்பிவிட ஆரம்பித்தாள். "இப்பத்தான் நம்ம வண்டி வண்டி மாதிரி ஓடுது" என்று முதலாளிக்குப் பரம சந்தோஷம். சுற்றை முடித்து, நாங்கள் கொட்டகை திறப்பதற்கு முன்பே அவள் வந்து, வண்டிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். கதைகள் நின்றுபோயின. குரல் மட்டும் அதே கரகரப்பு.

"லீவு நாள்ல என்னக்கா பண்ணுவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வண்டியைக் கழுவுவேன்."

"அப்புறம்?"

"அது காயணும்ல."

மனசு கேட்கவில்லை. "எங்க வீட்டுக்கு வாங்களேன்க்கா" என்றேன்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் முகம் இறுகிவிட்டது. "பார்க்கலாம்டி" என்றாள். அந்த லீவுக்கு வரவில்லை, அடுத்த லீவுக்கும் வரவில்லை. அவள் வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு வாரம் யோசித்துவிட்டு, வேறு விதமாக ஆரம்பித்தேன். "எங்க வீட்டு எலுமிச்சை மரம் காய்ச்சுக் கொட்டுதுக்கா. சீண்ட ஆள் இல்ல. சாயங்காலம் வந்து எடுத்துக்கிறீங்களா?"

"எவ்வளவு இருக்கும்?" என்று உடனே கேட்டாள்.

"ஒரு கூடை தேறும்."

எங்கள் வீட்டு எலுமிச்சை மரம் நட்ட நாளிலிருந்து முள்ளைத் தவிர வேறு எதையும் காய்த்ததில்லை. வேலை விட்டதும் சந்தைக்கு ஓடி ஒரு பை நிறையப் பழம் வாங்கிக் கூடையில் கொட்டினேன். அப்போதுதான் பறித்தது போலத் தெரிய, மரத்திலிருந்து நாலு இலையைக் கிள்ளி மேலே போட்டேன். "யாருக்குடி காது குத்துற?" என்றார் மாமியார். அந்த மனிதரை ஏமாற்றுக்காரன் என்று குதித்தவளும் நான்தான் என்று நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது.

சொன்ன நேரத்துக்கு வண்டி வந்து நின்றது. "உள்ள வாங்கக்கா" என்றேன். "இல்லடி, வண்டி ரோட்டுல நிக்குது" என்று வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். பிள்ளைகள் சுற்றிக்கொண்டு கத்தின. கூடையை நீட்டினேன். அவள் ஒரு பழத்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி என் தோளுக்கு மேலே மரத்தைப் பார்த்தாள். ஒரு பிஞ்சுகூட இல்லாத மரம். அவள் அதையே பார்த்துக்கொண்டு நிற்க, என் முகத்தில் ஈயாடவில்லை.

பழத்தைக் கூடையில் வைத்து, சரிந்து கிடந்த இலையை எடுத்து மறுபடி மேலே வைத்தாள். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"நாளைக்கும் காய்க்குமாடி?" என்று கேட்டாள்.

"காய்க்கும்க்கா" என்றேன்.