மிதவை வரைக்கும்

என் அக்காவுக்கு வேலை செய்யும் இடத்தில் வைத்த பட்டப்பெயர் 'ஸ்டாப்'. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்கத்தில் இருக்கும் சலவைக் கூடத்துக்கு அவள்தான் மேற்பார்வையாளர். அங்கே ஆறு ராட்சச மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அக்கா வாயைத் திறப்பதே இல்லை. வலது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டுவாள். தள்ளுவண்டி, ஆள், வெட்டிப்பேச்சு எல்லாம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பத்தொன்பது வயதில் இஸ்திரி மேஜைக்கு வந்தவள், நாற்பத்தொன்பதில் இருபத்தாறு பேரை மேய்க்கிறாள். அத்தானும் அங்கேயே துணி வேன் ஓட்டுகிறார். பாவம், அந்தக் கையிடமிருந்து அவருக்கு வீட்டிலும் விடுதலை இல்லை.

அப்படிப்பட்டவளைத்தான் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஏரிக்கரையில் செருப்புக்குக் காவல் வைத்துவிட்டுப் போனோம்.

அது காட்டுக்குள் இருக்கும் கூடார முகாம். கடைசி பெட்ரோல் பங்கைத் தாண்டி இரண்டு மணி நேரம் போக வேண்டும். அக்காவும் அத்தானும் கல்யாணமான பிறகு எடுத்துக்கொண்ட ஒரே விடுமுறை அது. எட்டு வயது மகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு நான்கு நாள் தங்கினார்கள். ஏரியின் நடுவே ஒரு மிதவை இருந்தது. ஆறு நீல டிரம்களின் மேல் பலகை அடித்து, கல்லைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். கரையிலிருந்து சுமார் நூறு மீட்டர். அத்தான், மகள், நான் மூன்று பேரும் நான்கு நாளும் அந்த மிதவையிலேதான் கிடந்தோம். மகளை டியூபில் உட்கார வைத்து இழுத்துப் போவோம். அக்காவுக்கு நீச்சல் தெரியாது. துண்டு, கண்ணாடி, மூன்று ஜோடிச் செருப்பு எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பாள். நான் அங்கிருந்து கத்துவேன்: "அக்கா, என் புதுச் செருப்பு பத்திரம்!" அவள் ஒற்றைச் செருப்பைத் தூக்கிக் காட்டுவாள். நாங்கள் சிரிப்போம்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பு தொடங்கியபோது முதலில் பெயர் கொடுத்தவள் அக்கா. அந்த மாதமே அம்மா படுக்கையில் விழுந்தார். அக்கா படிப்பை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அவள் இடத்தில் நான் போய் நீச்சல் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட கையோடு அவளிடமே செருப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாற்பத்தேழாவது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் பொது நீச்சல் குளத்தில், பெண்களுக்கான நேரத்தில் போய் நின்றாள். சொல்லிக்கொடுத்தவள் இருபத்து மூன்று வயதுப் பெண். முதல் ஒரு மாதம் அக்கா பிடித்த கம்பியை விடவே இல்லை. மூக்கிலும் காதிலும் தண்ணீர் ஏறி, வீட்டுக்கு வந்து தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் குதித்துக்கொண்டிருப்பாள்.

"வயசான காலத்துல இது தேவையா? வீட்டுல பாத்ரூம் இல்லையா நமக்கு?" என்று அத்தான் கிண்டல் செய்தார்.

அக்கா கையை உயர்த்தினாள். பேச்சு நின்றது.

செவ்வாய், வெள்ளி என்று இரண்டு வருஷம். மழை, காய்ச்சல் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. குளத்தின் நீளம் இருபத்தைந்து மீட்டர். நான்கு நீளம், அதாவது நூறு மீட்டர், நிற்காமல் நீந்திய அன்று, தலை ஈரம் காயாமலே என்னைக் கூப்பிட்டாள்.

"லீவு போடு. அந்த கேம்புக்குப் போறோம். அந்த மிதவையை நான் தொடணும்."

அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. சரி என்று மட்டும் சொன்னேன்.

மூட்டை கட்டுவதில் அக்காவை யாரும் மிஞ்ச முடியாது. ஒவ்வொரு பையிலும் எண் எழுதிய சீட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட விரிப்புகளே பதினாறு எடுத்து வைத்தாள். எதற்கு என்று கேட்டால், "துணி இல்லாம எப்படி?" என்றாள். தன் நீச்சல் உடை, தொப்பி, கண்ணாடி மூன்றையும் மட்டும் ஒரு சிவப்புப் பையில் போட்டாள். எதை விட்டாலும் இது யார் கண்ணிலிருந்தும் தப்பக் கூடாது என்பதற்காகவே சிவப்பு.

அத்தான் ஓட்டிய வேனில் அக்கா, இப்போது இருபத்திரண்டு வயதான மகள், நான் எல்லோரும் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி. வாசல் கதவு ஒரு கீலில் தொங்கியது. கழிப்பறைக்குப் பூட்டு. சாமான் விற்ற மரக்கடைக்குள் ஒரு காட்டுச் செடி வளர்ந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியிருந்தது. எங்களைத் தவிர ஒரு வண்டி இல்லை. காவலாளி ஒருவர் மட்டும் காதோரம் ரேடியோவை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆள் வந்ததை நம்ப முடியாமல் எழுந்தே நின்றுவிட்டார்.

"இங்க இப்ப யாரும் வர்றதில்லம்மா. மேல அணை கட்டினதுலேருந்து தண்ணி வரத்து இல்ல."

அக்கா ஏரியைப் பார்த்து நடந்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம். ஏரி பாதியாகச் சுருங்கியிருந்தது. கரையிலிருந்து அறுபது எழுபது அடி தூரத்துக்கு வெடித்துப்போன சேறு. அந்தச் சேற்றில், யாரோ எப்போதோ கரைப் பக்கம் இழுத்துவிட்ட கயிறும் கல்லுமாக, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது அந்த மிதவை. நீல டிரம்கள் வெளுத்திருந்தன. பலகையில் பறவை எச்சம். அதற்கும் அப்பால்தான் தண்ணீர் தொடங்கியது.

அத்தான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"ஒரு வகையில நல்லதாப் போச்சு. நீந்தவே வேணாம். நடந்து போய்த் தொட்டுட்டு வந்துடு, டீ போடலாம்."

அவர் நல்லவர்தான். சில நேரம் அவர் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கலாம் போலிருக்கும். அக்காவின் முகம் சுண்டிப்போனது. சேற்றின் மேல் நடந்து மிதவைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். சுற்றி வந்தாள், குனிந்து பார்த்தாள், ஆனால் விரல் நுனிகூட அதன் மேல் படவில்லை.

திரும்பி வந்து காவலாளியிடம் கேட்டாள்: "நடுவுல ஆழம் எவ்வளவு?"

"ரெண்டு ஆள் ஆழம் இருக்கும்."

"டிரம்முல ஓட்டை இருக்கா?"

"பாத்தா இல்ல. ஏம்மா?"

"தண்ணியில போடப் போறோம்."

காவலாளி அத்தானைப் பார்த்தார். அத்தான் என்னைப் பார்த்தார். "நீயாவது சொல்லேன்மா" என்றார் என்னிடம்.

"முதல்ல வண்டியிலேருந்து பையை எடுங்க அத்தான்" என்றேன்.

அப்போதுதான் அடுத்த இடி. வேனிலிருந்து ஒன்பது பைகள் வந்தன. சிவப்புப் பை இல்லை. அத்தான் இருக்கைக்கு அடியில், டிக்கியில், கூரையில்கூடப் பார்த்தார். பிறகு அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

சலவைக் கூடத்தில் சிவப்புப் பை என்றால் தொற்று நோயாளிகளின் துணி. மற்ற பைகளோடு அதை ஏற்றவே கூடாது. தனியாகச் சுவரோரம் வைத்துவிட்டுக் கையைக் கழுவ வேண்டும். இருபது வருஷப் பழக்கம். வீட்டு வாசலில் சிவப்புப் பையைக் கண்டதும் மனுஷன் அதை நகர்த்திச் சுவரோரம் வைத்திருக்கிறார்.

"கையைக்கூடக் கழுவினேன்மா. ஏன் கழுவறேன்னு எனக்கே தெரியல" என்றார்.

அக்கா வாயைத் திறந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகம் மாறியது. வண்டி கிளம்பும் முன் பைகளை எண்ணிச் சரி என்று சொன்னவள் அவள்தானே. கூடத்தில் எண்ணும்போது சிவப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவளும் சேர்க்கவில்லை.

"விடுங்க. ரெண்டு பேரும் அங்க வேலை பாக்கறோம், வேற எப்படி இருக்கும்" என்றாள்.

என் நீச்சல் உடையும் மகளுடையதும் சேர்ந்தாலும் அக்காவின் ஒரு காலுக்குத்தான் போதும். நான் வாய்விட்டே சொன்னேன், "அக்கா, இன்னொரு தடவை வரலாம்."

"இன்னொரு தடவை இந்தத் தண்ணியும் இருக்காது. போய் விரிப்பை எடுத்துட்டு வா."

பதினாறு விரிப்பும் எதற்கு என்பது அப்போது தெரிந்தது. சலவைக் கூடத்தில் ஈரத்துணி நிறைந்த பெட்டி நகராமல் நின்றுவிட்டால், தரையில் நனைந்த விரிப்பைப் போட்டு அதன் மேல் வழுக்கிவிடுவார்கள். அக்கா விரிப்புகளை ஏரியில் முக்கிக் கொண்டுவந்து சேற்றின் மேல் வரிசையாக விரித்தாள். காவலாளி, அத்தான், மகள், நான் நால்வரும் கயிற்றைப் பிடித்து இழுத்தோம். முதலில் மிதவை அசையவில்லை. பிறகு ஒரு முனகலோடு பெயர்ந்து, விரிப்பின் மேல் ஏறி வழுக்கியது. பின்னால் விடுபட்ட விரிப்பை அக்கா உருவி, மறுபடி நனைத்து, முன்னால் ஓடிவந்து போடுவாள். விரிப்பை உருவப் போகும்போது கை உயரும், நாங்கள் நிற்போம். போட்டு முடித்ததும் கை இறங்கும், இழுப்போம். இரண்டு மணி நேரம். முழங்கால் வரை சேறு. காவலாளியே உற்சாகமாகி ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தார். இத்தனைக்கும் அக்கா மிதவையின் மேல் மட்டும் கை வைக்கவில்லை. ஒரு தடவை அது அவள் பக்கம் சரிந்தபோதுகூடத் துள்ளி விலகினாள்.

தண்ணீரில் இறங்கியதும் மிதவை சட்டென்று நிமிர்ந்துகொண்டது. மகளும் நானும் நீந்திக்கொண்டே தள்ளினோம். பாதி தூரத்தில், "போதும், இங்கயே கட்டுங்க!" என்று அத்தான் கத்தினார்.

"இன்னும் தள்ளுங்க!" என்றாள் அக்கா. "நூறு மீட்டர் எனக்குத் தெரியும்!"

அவள் கை உயரும் வரை தள்ளி, கல்லை இறக்கிவிட்டுக் கரைக்குத் திரும்பினோம். அங்கே அக்கா அத்தானிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: "உங்க டிராக் பேன்ட்டைக் கழட்டுங்க. சட்டையையும்."

"இங்கயா?"

"கொண்டு வந்ததுல நீந்தறதுக்கு ஆகற துணி அது ஒண்ணுதான். பையை விட்டுட்டு வந்தது யாரு?"

அத்தான் வேனுக்குப் பின்னால் போய், துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். அக்கா அவர் உடையைப் போட்டு, இடுப்பில் கயிற்றை முடிந்துகொண்டாள். காவலாளி கொண்டுவந்த டியூபை வேண்டாம் என்றாள். "யாரும் பக்கத்துல வரக் கூடாது" என்றாள். டியூபை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றி அத்தானின் கால் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினாள்.

நன்றாகத்தான் நீந்தினாள். அலட்டல் இல்லாத, அளந்து வைத்த நீச்சல். கால்வாசி தாண்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷமாக அவள் நீந்தியதெல்லாம் இருபத்தைந்து மீட்டருக்கு ஒரு சுவர் இருக்கும் குளத்தில். நிற்காமல் திரும்பினாலும் தொட்டுத் திரும்ப ஒரு சுவர் உண்டு. இங்கே தொட எதுவும் இல்லை.

பாதி தூரத்தில் அவள் நின்றுவிட்டாள். தலை ஒரு முறை உள்ளே போய் வந்தது. இருமினாள். அத்தான் துண்டோடு எழுந்துவிட்டார். "அம்மா!" என்று மகள் அலறினாள். நான் டியூபோடு இடுப்பளவு தண்ணீருக்குப் போய்விட்டேன். என்னால்தான், எல்லாம் என்னால்தான் என்று மனம் அடித்துக்கொண்டது.

அக்கா மல்லாந்து படுத்தாள். பிறகு தண்ணீருக்கு மேலே அவள் வலது கை உயர்ந்தது. உள்ளங்கை எங்களைப் பார்த்து இருந்தது.

நாங்கள் மூன்று பேரும் நின்றோம். காவலாளிக்கு அந்தக் கையைப் பற்றி என்ன தெரியும்? அவரும் நின்றார்.

அவள் வானத்தைப் பார்த்து நான்கைந்து மூச்சு எடுத்தாள். நான் எண்ணினேன். பிறகு புரண்டு கையை வீசினாள். மெதுவாக, மிக மெதுவாக. மிதவையின் ஓரத்தில் கை பட்டபோது அந்த டிரம் சத்தம் கரை வரைக்கும் கேட்டது. மகள் குதித்தாள். நான் அழுதேன், அதைத் துடைக்கவும் இல்லை.

மூன்றாவது முயற்சியில் மேலே ஏறிவிட்டாள். பலகையில் கொஞ்ச நேரம் குப்புறக் கிடந்து, பிறகு எழுந்து உட்கார்ந்து கால் இரண்டையும் தண்ணீரில் தொங்கவிட்டாள். எங்களைப் பார்க்கவே இல்லை. ஏரியைப் பார்த்தாள், மரங்களைப் பார்த்தாள். கால் மணி நேரம், அரை மணி நேரம்.

"வாம்மா, போதும்!" என்று அத்தான் கூப்பிட்டார். அவள் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவர் ஒரு குச்சியை எடுத்து அவள் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தார்.

வெகுநேரம் கழித்துத்தான் அங்கிருந்து குரல் வந்தது.

"ஏங்க! என் செருப்பு இருக்கா?"

"இருக்கு!"

"பத்திரம்!"

அத்தான் எழுந்து நின்றார். ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒற்றைச் செருப்பை உயரத் தூக்கிக் காட்டினார்.