வரவில்லை என்ற ஒரு வரி: உடுவிலில் இருந்து கொழும்புத்துறைக்கு

யாழ்ப்பாணம் போகிறேன் என்றதும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நல்லூருக்குப் போ, கோட்டையைப் பார், ஒடியல் கூழ் குடிக்காமல் வராதே. நான் போனதோ ஒரு குறுஞ்செய்தியைப் பற்றிப் பேச. பொங்கல் முடிந்த மறுவாரம் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டேன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பப் பிரிவை நடத்துகிறேன். வைஃபை நின்றாலும் என்னைத்தான் திட்டுவார்கள், புரொஜெக்டர் மங்கினாலும் என்னைத்தான்.

ரதினி இதே வேலையை உடுவில் பக்கம் ஒரு தனியார் உயர்கல்வி நிறுவனத்தில் செய்கிறார். ஒரு இணையவழிப் பயிலரங்கில் பழக்கமாகி, சர்வர் படுத்த நாட்களில் ஒருவருக்கொருவர் புலம்பிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிவிட்டோம். அவர்தான் கூப்பிட்டார். “அக்கா, எங்கடை மெசேஜ் சிஸ்டத்தைப் பற்றிக் கூட்டம் வைக்கினம். நான் சொன்னால் எடுபடாது. வெளியிலை இருந்து ஒராள் வந்து சொன்னால்தான் கேப்பினம். ஒருக்கா வாங்கோவன்.”

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலிக்குச் சிறிய விமானம். ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகவில்லை. நான் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் வர அதைவிட அதிகம் ஆயிற்று. வெளியே வந்ததும் உடுவிலுக்கு ஓட்டோ பேசினேன். பதினொரு கிலோமீட்டர் போல, இரண்டாயிரம் ரூபாய் (இலங்கை ரூபாய், பதற வேண்டாம்). மழை விட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் பீட்ரூட்டும் கழுவிவிட்டதுபோல் நின்றன.

ஓட்டோக்காரரின் போன் வழியெல்லாம் அடித்துக்கொண்டே இருந்தது. “அண்ணை சுவிஸிலை இருந்து எடுக்கிறார்,” என்றார். “இஞ்சை மழை பெய்தால் எங்களுக்கு முதல் அவருக்குத் தெரியும். எங்கடை வீட்டு விசயம் முழுக்க அவரின்ரை நம்பருக்குத்தான் போகும். கரண்ட் பில்லும் அங்கைதான் போகுது.” சிரித்தேன். உடுவிலில் இறங்கும்போதுகூட, நான் வந்த காரியத்தின் முக்கால் பங்கை அவர் சொல்லி முடித்துவிட்டார் என்று எனக்கு உறைக்கவில்லை.

அன்று மாலை ரதினி தன் கணினியைத் திருப்பிக் காட்டினார். வகுப்பு மாற்றம், தேர்வு நேரம், வராத நாள் எல்லாவற்றையும் மாணவரின் எண்ணுக்குத் தானாக அனுப்பும் மென்பொருள். கட்டியது அவரேதான். எல்லாச் செய்தியும் போய்ச் சேர்ந்ததாகக் கணினி சொல்கிறது. மாணவர்களோ ஒன்றும் வரவில்லை என்கிறார்கள். எண்களைப் பார்த்தேன். பாதிக்கு மேல் கனடா, லண்டன், பாரிஸ்.

“பிள்ளையள் இஞ்சை வந்து சேரேக்கை, தொடர்புக்கு ஒரு நம்பர் தாங்கோ எண்டு கேட்டம். இஞ்சத்தைய சிம் மாறிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டிலை இருக்கிற மாமான்ரை நம்பர் மாறாது. படிப்புக்குக் காசு அனுப்புறதும் அவர்தான். அதுதான் பிள்ளையள் மாமாவின்ரை நம்பரைத் தந்திருக்குதுகள்,” என்றார் ரதினி.

வேடிக்கை என்னவென்றால், சில மாதங்கள் இது நன்றாகவே நடந்திருக்கிறது. காலை பத்து மணிக்கு உடுவிலில் புறப்படும் செய்தி, இரவு பதினொன்றரைக்கு ரொறன்ரோவில் ஒருவரை எழுப்பும். அவர் உடனே ஊருக்கு வைபரில் எடுப்பார். பத்தாவது நிமிடம், “நாளைக்குச் சோதினை எட்டு மணிக்காம்,” என்று பிள்ளைக்குத் தகவல் வந்துவிடும். இரண்டு கடல் தாண்டி வந்த செய்தி எங்கள் கல்லூரி மின்னஞ்சலை விட வேகமாக வந்து சேர்ந்திருக்கிறது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ரதினி சிரிக்கவில்லை.

தனுஜா என்று ஒரு இரண்டாம் வருட மாணவி. கொழும்புத்துறைப் பெண். சில வாரங்களாகப் புதன்கிழமைப் பின்னேர வகுப்புகளுக்கு அவள் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் கனடாவில் இருக்கும் தாய்மாமனுக்கு, ‘வரவில்லை’ என்று ஒரு வரி போயிருக்கிறது. அவர் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன் அக்காவான அவள் தாய்க்குப் போன் எடுத்து, படித்தது காணும், அதாவது போதும், பெண்ணை வீட்டில் வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டார். பத்து நாளாக அவள் கல்லூரிக்கு வரவில்லை. வருகிற திங்கள் செய்முறைத் தேர்வு. அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போகும். வருடம் போனால் மாமா திரும்பப் படிக்கவைப்பார் என்று யாரும் நம்பவில்லை.

“ஏன் வரவில்லையாம்?” என்று கேட்டேன். ரதினி காதில் விழாததுபோல் கணினியை மூடினார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கூட்டம். பதிவாளர் மரியாதையான மனிதர். வடையும் தேத்தண்ணியும் வரவழைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். ரதினி நேராகச் சொன்னார்: செய்தி மாணவருக்கு மட்டும் போக வேண்டும், வராத நாள் பற்றிய செய்தி யாருக்குமே போகக் கூடாது. பதிவாளருக்கு அது விளங்கவேயில்லை. “வெளிநாட்டிலை இருக்கிற ஆக்கள் சந்தோசப்படுகினம். பிள்ளையள் என்ன செய்யுது எண்டு அவைக்குத் தெரியுது. நாங்கள் சோதினைப் பெறுபேறையும் அனுப்புவம் எண்டு பாக்கிறம். நீங்கள் நிப்பாட்டச் சொல்லுறியள்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்கடை கல்லூரியிலை எப்பிடி?”

கேட்டதற்குப் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். எங்கள் கல்லூரியில் முதல் வகுப்பு முடிந்ததும் வராதவர்களின் பெற்றோருக்குச் செய்தி போய்விடும், விளம்பரத் தாளிலேயே அதைப் போடுகிறோம் என்றேன். அறையில் எல்லார் முகமும் மலர்ந்தது. என்னைக் கடல் தாண்டி வரவழைத்தவர் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வடை எனக்கு இறங்கவில்லை.

“குறை நினைக்காதீங்க ரதினி,” என்றேன் வெளியே வந்து. “நீங்கள் பொய்யோ சொன்னனீங்கள்? உண்மைதானே,” என்றார். “பின்னேரம் கொழும்புத்துறைக்குப் போறன். வாறியளோ?”

மருதனார்மடச் சந்தியில் பஸ் ஏறினோம். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு எட்டுக் கிலோமீட்டர், எழுபது ரூபாய், நாற்பது நிமிடம். அவ்வளவு நேரமும் நின்றபடி போனோம். அங்கிருந்து கொழும்புத்துறைக்கு ஓட்டோ ஐந்நூறு ரூபாய். பாசையூர் தாண்டியதும் கடல்நீரேரியின் வாடை வந்துவிடும். ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் நின்றோம். தகப்பன் கடல் தொழிலுக்குப் போயிருந்தார். தாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “இருங்கோ மிஸ், கனடாவிலை தம்பி வேலைக்கு வெளிக்கிட முதல் எடுப்பான்,” என்றார். தனுஜா கதவோரம் நின்றாள். ஒல்லியான பெண், எங்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

போன் அடித்தது. தாய் அதை அப்படியே ரதினியிடம் நீட்டினார். திரையில் நாற்பது வயதுக்காரர் ஒருவர், தடித்த குளிர் ஜாக்கெட், பின்னால் இன்னும் விடியாத ஜன்னல்.

“நான்தான் உந்த மெசேஜ் அனுப்புற பகுதிக்குப் பொறுப்பு,” என்றார் ரதினி. “அது உங்களுக்கு வந்திருக்கக் கூடாது. பிழை என்ரை.”

“என்ன பிழை? நான்தானே படிப்பிக்கிறன். எனக்குத் தெரியத்தானே வேணும்?” என்றார் அவர். குரல் உயர்ந்தது, பிறகு சட்டென்று இறங்கியது. “மிஸ், இஞ்சை விடியமுதல், நித்திரையிலை கிடக்கேக்கை உந்த மெசேஜ் வரும். வரவில்லை. அவ்வளவுதான். பிள்ளை எங்கை, என்ன நடந்தது, ஒண்டும் இல்லை. இஞ்சை இருந்து நான் என்னத்தைச் செய்ய? பிறகு நித்திரை இல்லை. பயத்திலைதான் வீட்டிலை வைச்சிருங்கோ எண்டு சொன்னனான்.”

கோபக்கார மாமனை எதிர்பார்த்துப் போயிருந்தேன். இப்படி ஒரு மனிதர் வருவார் என்று நினைக்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் எங்கள் கல்லூரியில் இருந்து புறப்படும் செய்திகளை எத்தனை பேர் இப்படிப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

“வரவில்லை எண்டதுக்கு மேலை சொல்ல எங்களிட்டை ஒண்டுமில்லை,” என்றார் ரதினி. “உங்களைப் பயப்படுத்தினது நாங்கள். இனி அது வராது.”

“அப்ப எனக்கு எப்பிடித் தெரியும்?”

“பிள்ளையைக் கேளுங்கோ.”

போன் தனுஜாவின் கைக்குப் போனது. “எங்கை பிள்ளை போனனீ?” என்றார் மாமா. “மாமா, கூடாத இடத்துக்குப் போகேல்லை. ஏனெண்டு பிறகு சொல்லுறன். இப்ப என்னாலை ஏலாது,” என்றாள் அவள். தாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாமா, “சரி. நீ சொல்லேக்கை நான் கேக்கிறன். திங்கள் சோதினைக்குப் போ,” என்றார். தனுஜா போனைப் பிடித்தபடியே அழுதாள். நானும் அழுதேன் என்பதை மறைப்பானேன்.

வெள்ளிக்கிழமை காலை ரதினி பதிவாளரிடம் போய், வராத நாள் செய்தியை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். நானும் கூடப் போனேன். “ஆரைக் கேட்டு நிப்பாட்டினீர்?” என்றார் அவர். “ஒருத்தரையும் கேக்கேல்லை சேர். தொடங்கேக்கையும் நான் ஒருத்தரையும் கேக்கேல்லை. அப்ப எல்லாரும் கை தட்டினீங்கள்,” என்றார் ரதினி. முந்தின நாள் சொன்னது எங்கள் கல்லூரியின் வழக்கம், அது சரி என்று நான் இப்போது நினைக்கவில்லை என்று நானும் சொல்லிவைத்தேன். பதிவாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்றார். ரதினிக்கு அங்கே வசவு காத்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வகுப்பு வகுப்பாகப் போய் மாணவர்களின் சொந்த எண்களைக் கேட்கத் தொடங்கிவிட்டார். வெளிநாட்டு எண் வேண்டுமா, எதற்கு வேண்டும் என்பதை இனி அவரவரே சொல்லலாம்.

போக நினைப்பவர்களுக்கு: சிறிய விமானம் என்பதால் பெட்டியின் எடையை முன்பே பாருங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்பும் வாரத்தில் ஒரு முறை சரிபாருங்கள். ஓட்டோவில் ஏறுமுன் கட்டணம் பேசுங்கள். பஸ் மலிவு, ஆனால் பள்ளி விடும் நேரத்தில் ஏறாதீர்கள். உள்ளூர் சிம்மை வந்து இறங்கியதுமே வாங்கிக்கொண்டால் நல்லது. எங்களைப் போல நீங்களும் கல்லூரிகளில் கணினி மேய்ப்பவரானால், உங்கள் பட்டியலில் இருக்கும் எண்கள் யாருடைய கையில் அடிக்கின்றன என்று ஒரு மதியம் உட்கார்ந்து பாருங்கள். எனக்கு ஊர் திரும்பியதும் முதல் வேலை அதுதான்.

சனிக்கிழமை பலாலிக்கு வழியனுப்ப ரதினி வந்தார். அடக்க முடியாமல் மறுபடியும் கேட்டேன், அந்தப் பெண் புதன்கிழமைகளில் எங்கேதான் போனாளாம் என்று.

“தெரியாது அக்கா.”

“நீங்களுமா கேட்கவில்லை?”

“நான் ஏன் கேக்க வேணும்? நேற்று வகுப்புக்கு வந்தவள். எனக்கு அது காணும்.”