சங்கிலியை அவிழ்த்த பிலோஜீன்

எங்கள் ட்ரெமே பேட்டையில் தாளம் பிடிக்கத் தெரியாத ஒரே ஆள் பிலோஜீன்தான். வாரம் முழுக்கக் கரி விற்பான். சனிக்கிழமை சாயங்காலம் எஸ்பெரான்ஸ் நடன மண்டபத்துக்குப் போய், ஆடுகிறவர்களின் பூட்ஸ் வழுக்கிக்கொண்டு போவதற்காகத் தரையெங்கும் சோளமாவு தூவித் தேய்த்துவிடுவான். அந்தத் தரையில் அவன் ஆடியது ஒரே முறை. அவன் மனைவி ஓடில் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள். மூன்றாவது சுற்றிலேயே அவள் கால் விரலை மிதித்தான். அதோடு சரி.

ஞாயிறு மதியம்தான் அவனுக்குப் பெருமை. கரி வண்டியைக் கழுவி, கோவேறு கழுதையைப் பூட்டி, எங்கள் வாத்தியக் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போவான். அன்று ராத்திரி எஸ்பெரான்ஸில் நடக்கும் நடனத்துக்கு ஆள் சேர்க்க அதுதான் வழி. நான் டிராம்போன் ஊதுகிறவன். அதன் நீளக் குழாயை முன்னால் நீட்டி ஊதினால் யார் மூக்கையாவது உடைத்துவிடும் என்று என்னை வண்டியின் கடைசியில், காலைத் தொங்கவிட்டு உட்காரவைப்பார்கள்.

பிலோஜீன் நல்லவன், ஆனால் வீம்புக்காரன். தம்பி யூலிஸோடு ஆறு வருஷமாகப் பேச்சில்லை. யூலிஸ் கார்னெட் என்ற சின்ன எக்காளம் ஊதுகிறவன். வெள்ளை ரோஜா மண்டபத்துக் கோஷ்டிக்குத் தலைவன். அவர்கள் அம்மாவின் சவ ஊர்வலத்தில் எல்லாக் கோஷ்டிக்காரர்களும் சேர்ந்து ஊதினார்கள்; முன்னால் நின்று ஊதியவன் யூலிஸ்தான். பெட்டி கல்லறைக்குள் போகும்வரை மெதுவான துதிப்பாட்டு, போன பிறகுதான் துள்ளல் பாட்டு. பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த முறை இது. யூலிஸ் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே, பெட்டி தோளில் இருக்கும்போதே, துள்ளலை எடுத்துவிட்டான். ஊரே காறித் துப்பியது. அன்றிலிருந்து பிலோஜீன் தம்பி பெயரைக்கூட வாயில் எடுப்பதில்லை.

அந்த ஆகஸ்ட் ஞாயிறு, கிளைபோர்ன் தெரு முனையில் வெள்ளை ரோஜா வண்டி எங்களுக்கு எதிரே வந்து நின்றது. கூட்டம் விடுமா? இரண்டு வண்டியின் சக்கரங்களையும் சேர்த்துச் சங்கிலி போட்டுவிட்டார்கள். மாறி மாறி ஊத வேண்டும். ஜெயித்தவன் பின்னாலேயே ஊர் போகும். தோற்றவன் மண்டபத்தில் அன்றைக்கு ஈ ஓட்ட வேண்டியதுதான். சங்கிலியைத் தன் கையால் அவிழ்க்கிறவன் தோற்றவன்.

"மாட்டுனான்டா யூலிஸ்!" என்று எங்கள் தலைவர் நூமா கையைத் தேய்த்தார். "முன்பல்லு ரெண்டும் ஆடுது இவனுக்கு. மூணு பாட்டு தாங்க மாட்டான்."

இன்னொரு தடவை தோற்றால் யூலிஸுக்குச் சீட்டுக் கிழிந்தது என்று வெள்ளை ரோஜா மண்டபத்து முதலாளி முடிவெட்டும் கடையில் வைத்தே சொல்லியிருந்தார். எல்லாருக்கும் தெரியும். பிலோஜீனுக்கும் தெரியும்.

மூன்றாவது பாட்டில் யூலிஸின் உதடு நழுவியது. ஓசை பிளந்தது.

"என்னப்பா யூலிஸ், வாத்து வளக்கிறியா?" என்று ஒருத்தன் கத்த, கூட்டம் சிரித்தது. யூலிஸின் முகவாயில் ரத்தம் வழிந்தது. நூமா கதையை முடித்துவிட எழுந்து நின்றார்.

அப்போது பிலோஜீன் கீழே இறங்கினான். கழுதையின் வாரைச் சரிசெய்யப் போகிறான் என்று நினைத்தேன். நேரே சக்கரத்துக்குப் போய், சங்கிலியை அவிழ்த்து வீசிவிட்டு, ஏறிக் கழுதையை அடித்தான். வண்டி பாய்ந்த பாய்ச்சலில் நான் டிராம்போனோடு தெருவில் விழுந்தேன். கூட்டம் ஓவென்று கூவிக்கொண்டு யூலிஸ் பின்னால் போனது. நான் எழுந்து ஓடி, தெருக்கோடியில் நின்ற எங்கள் வண்டியைப் பிடித்தேன்.

"கிறுக்குப் பயலே! கையில இருந்ததைத் தூக்கிக் குடுத்துட்டியே!" என்று நூமா குதித்தார்.

"கழுதைக்கு வெயில் தாங்கல."

"கழுதைக்கா, உனக்கா? இனிமே இந்த வண்டிப் பக்கம் உன் நிழல் படக் கூடாது!"

மறுநாள் மதியம், வீங்கிய முழங்கையோடு நானும் பிலோஜீன் வீட்டுக்குத் திட்டத்தான் போனேன். எங்கள் ஊர்த் திங்கட்கிழமை வழக்கப்படி ஓடில் சிவப்பு பீன்ஸும் சோறும் போட்டுக்கொண்டிருந்தாள். வாயில் வைக்குமுன் யூலிஸ் வந்து வாசலில் நின்றான். உதடு தடித்திருந்தது.

"உன்னை யாரு வண்டியை எடுக்கச் சொன்னது? பிச்சை கேட்டேனா நான்?"

பிலோஜீன் கரண்டியைக் கீழே வைத்தான். "உன் வாயில ரத்தம் வந்துச்சுடா. பாத்துக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றியா?"

ஆறு வருஷத்தில் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அது. யூலிஸ் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அன்னைக்கு அம்மாவைக் கொண்டுபோறப்ப எனக்கு அழுகை வந்துடுச்சுண்ணே. அழுதுக்கிட்டே மெதுவானதை ஊத முடியாது, மூச்சு நிக்காது. நான் நிறுத்துனா ஊர்வலமே நின்னுடும்னு பயந்து, வேகமானதை எடுத்துட்டேன்."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீதான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டியே. யார்கிட்ட சொல்றது?"

 பிலோஜீன் தன் தட்டைத் தம்பி பக்கம் தள்ளினான்.

அன்று கல்லறை வாசலில் யூலிஸின் தோளை ஒட்டி நின்று ஊதியவன் நான். அவன் கன்னம் நனைந்திருந்ததைப் பார்த்தேன். வியர்வை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஊரோடு சேர்ந்து நானும் அவனைத் தூற்றினேன். ஆறு வருஷம் ஞாயிறுதோறும் பிலோஜீன் வண்டியில் ஏறி ஊர்க்கதையெல்லாம் அளந்திருக்கிறேன். இதை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.